இறக்கத்தில் நுகத்தடியை அவிழ்க்கலாமா?
டிராக்டர் ஓட்டியவர்கள் கியர் கார் பழகும் முறை

'இருபது வருடமாக டிராக்டர் ஓட்டுகிறேன். இப்போது பழைய கார் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். மரவள்ளி விஷயமாக அடிக்கடி வெள்ளிமலைக்குப் போய்வர வேண்டியிருக்கிறது. கியர் வண்டி வாங்குவதா, ஆட்டோமேட்டிக் வாங்குவதா? டிராக்டர் தெரிந்தவனுக்குக் கார் பழகத் தனியாகப் பயிற்சி வேண்டுமா? என் மகளும் சேர்ந்து பழக ஆசைப்படுகிறாள்.'

சங்கராபுரம் பகுதியிலிருந்து வந்த கேள்வி இது. இதற்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிட முடியாது என்பதால் தனிக் கட்டுரையாகவே தருகிறோம்.

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: மலை ஏறி இறங்கவும், நாளை ஒரு சுமை வண்டி வாங்கினால் அதையும் ஓட்டவும் நினைப்பவர்கள் கியர் வண்டியில் பழகுவதே நல்லது. அப்பாவும் மகளும் சேர்ந்து பழகுங்கள். ஆனால், மகள் உங்களுக்கு முன்பே தேறிவிடலாம். காரணம், அவருக்கு மறக்க வேண்டிய டிராக்டர் பழக்கம் எதுவும் இல்லை.

டிராக்டர் வேறு, கார் வேறு

டிராக்டரிலும் கிளட்ச் உண்டு, கியர் உண்டு, பிரேக் உண்டு. ஆனால், உழவில் ஒரு கியரைப் போட்டு, கை த்ரோட்டிலை ஓர் அளவில் வைத்துவிட்டால் வரப்பு வரும்வரை அப்படியே போகும். பழைய டிராக்டர்கள் பலவற்றில் வண்டியை நிறுத்தித்தான் கியரை மாற்றுவோம். காரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்ற வேண்டும். கியர்ப்பெட்டிக்குள் இருக்கும் பித்தளை வளையங்கள் இரண்டு பற்சக்கரங்களின் வேகத்தையும் சமமாக்கிக் கொடுப்பதால்தான் அது சத்தமில்லாமல் விழுகிறது. அந்த வளையத்துக்கு ஒரு நொடி அவகாசம் வேண்டும். டிராக்டர் லீவரைத் தள்ளுவதுபோல அடித்துத் தள்ளினால் வளையம் தேய்ந்துபோகும். இரண்டு விரலால் பிடித்துத் தள்ளினாலே போதும்.

டிராக்டரில் வலது சக்கரத்துக்கு ஒன்று, இடது சக்கரத்துக்கு ஒன்று என இரண்டு பிரேக் மிதிகள். வயலில் திருப்புவதற்கு அது வசதி. ரோட்டில் போகும்போது இரண்டையும் கொக்கி போட்டு இணைத்திருக்க வேண்டும். காரில் ஒரே மிதி. வலது கால்தான் ஆக்சிலேட்டருக்கும் பிரேக்குக்கும் மாறி மாறிப் போக வேண்டும். இடது கால் கிளட்சுக்கு மட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான வேறுபாடு, வேகம். டிராக்டர் தப்பை மன்னிக்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மன்னிக்காது.

கிளட்ச் என்ன செய்கிறது?

எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் இரும்புச் சக்கரம் ஒன்று. கியர்ப்பெட்டியோடு சேர்ந்து சுற்றும் தட்டு ஒன்று. இரண்டையும் ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கிறது. கிளட்சை மிதித்தால் இரண்டும் பிரிகின்றன. விட்டால் சேர்கின்றன. பாதி விட்ட நிலையில் தட்டு வழுக்கிக்கொண்டே பிடிக்க ஆரம்பிக்கும். இதைத்தான் டிரைவர்கள் 'ஹாஃப் கிளட்ச்' என்கிறார்கள். கியர் வண்டி பழகுவதில் பாதி வேலை, இந்த இடத்தைக் கால் தெரிந்துகொள்வதுதான்.

அறுவடை முடிந்த காய்ந்த வயலோ, நெல் அடிக்கும் களமோ போதும். முதல் கியரைப் போடுங்கள். ஆக்சிலேட்டரைத் தொடாதீர்கள். கிளட்சை மட்டும் மெள்ள மெள்ள விடுங்கள். ஓர் இடத்தில் எஞ்சின் சத்தம் தடித்து, வண்டியின் மூக்கு லேசாக அசையும். அங்கே காலை அப்படியே நிறுத்துங்கள். வண்டி நகரும். மறுபடி மிதித்து நிறுத்துங்கள். இதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். வண்டி குலுங்கி எஞ்சின் நின்றுபோனால் பதறாதீர்கள். பழகும் எல்லோருக்கும் நடப்பதுதான். கால் பிடித்துக்கொண்ட பிறகு ஆக்சிலேட்டரைச் சேர்த்துக்கொள்ளலாம்.

கியரை எப்போது மாற்றுவது என்பதற்கு மீட்டரைப் பார்க்க வேண்டியதில்லை. எஞ்சின் கத்தினால் மேல் கியர். திணறி அதிர்ந்தால் கீழ் கியர். கியர் வண்டி ஓட்டுவதில் உள்ள சுகமே இதுதான். மூக்கணாங்கயிற்றைப் பிடித்தவருக்கு மாட்டின் மூச்சு கைக்குத் தெரிவதுபோல, வண்டியின் பாரமும் மேடும் பள்ளமும் காலுக்குத் தெரியும். இதை ஒருமுறை ருசித்தவர்கள் லேசில் ஆட்டோமேட்டிக்குக்கு மாறுவதில்லை.

ஏற்றமும் இறக்கமும்

இனி கல்வராயன் மலைக்கு வருவோம். 2,000 அடிக்கு மேல் உயரமுள்ள மலை. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலை போகிற பாதையில் வளைவுகள் அதிகம். ஏறும்போது ஒரு வளைவில் நிற்க நேர்ந்தால் பலருக்கும் கை நடுங்கும். வண்டி பின்னால் உருளுமே என்ற பயம். வழி இருக்கிறது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து விடுங்கள். முதல் கியரில் ஹாஃப் கிளட்சுக்கு வந்து, கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுங்கள். வண்டி முன்னால் இழுக்கப் பார்க்கும்போது ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகாது. குறுகிய மலைப்பாதையில் எதிரெதிரே வந்தால், ஏறுகிற வண்டிக்குத்தான் இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது சாலை விதி.

ஏற்றத்தில் பயம் இருக்கும், ஆபத்து குறைவு. இறக்கத்தில் பயம் இருக்காது, ஆபத்துதான் அதிகம். 'டீசல் மிச்சமாகும்' என்று நியூட்ரலில் விட்டு இறங்குகிறவர்களை இன்றும் பார்க்கிறோம். கட்டை வண்டி ஓட்டிய நம் தாத்தாக்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். இறக்கத்தில் வண்டி முன்னால் தள்ளும்போது மாடுதான் பின்வாங்கித் தாங்கும். அந்த நேரத்தில் யாராவது நுகத்தடியை அவிழ்த்து மாட்டை ஓட்டிவிடுவார்களா? நியூட்ரலில் இறங்குவது அதைத்தான் செய்கிறது. கியரில் இருக்கும்வரை சக்கரம் எஞ்சினையும் சேர்த்துச் சுற்ற வேண்டியிருப்பதால், எஞ்சினே வண்டியைப் பிடித்து இழுக்கும். நியூட்ரலில் அந்தப் பிடி இல்லை. முழு பாரமும் பிரேக் மேல் விழும். தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடேறும். அளவு கடந்து சூடேறினால் பிடி குறையும், ஆயில் கொதித்து மிதி பஞ்சுபோல உள்ளே போகும்.

எரிபொருளும் மிச்சமாகாது. இப்போது வரும் எஞ்சின்களில், கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டால் இறக்கத்தில் எரிபொருள் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்க எரிபொருள் செலவாகும். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவது இன்னும் மோசம். இரண்டு, மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும். ஸ்டீயரிங்கும் கனத்துவிடும்.

மலையில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு இதுதான்: எந்த கியரில் ஏறினீர்களோ, அதே கியரில் இறங்குங்கள். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். பிரேக்கை விட்டு விட்டு அழுத்துங்கள். டிரெய்லர் மாட்டிய டிராக்டருக்கும் இதே விதி. இறக்கத்தில் கிளட்சை மிதித்தால் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளி, டிராக்டரையே மடக்கிவிடும்.

ஆட்டோமேட்டிக் வேண்டவே வேண்டாமா?

அப்படியில்லை. மூட்டு வலி உள்ளவர்களுக்கும் ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர்களுக்கும் அது வரம்தான். 2014-ல் மாருதி செலிரியோவில் குறைந்த விலை ஆட்டோமேட்டிக் கியர் வந்த பிறகு, சிறிய கார்களிலும் அது பரவிவிட்டது. வாங்குவதானால் கீழ் கியரிலேயே நிறுத்திவைக்கும் வசதி இருக்கிறதா என்று பார்த்து, இறக்கத்தில் அதைப் பயன்படுத்துங்கள். ஆனால், மரவள்ளி மூட்டையும் காய்கறியும் ஏற்றுகிற குட்டியானை போன்ற வண்டிகளில் பெரும்பாலும் கியர்தான். ஆத்திர அவசரத்துக்குப் பக்கத்து வீட்டு வண்டியை எடுக்க நேர்ந்தாலும் அதுவும் பெரும்பாலும் கியர் வண்டியாகவே இருக்கும். ராத்திரியில் பாம்புக்கடி, பிரசவ வலி என்றால் 108 வந்துசேரும்வரை காத்திருக்க முடியாத ஊர்கள் மலையில் இருக்கின்றன. வீட்டில் இரண்டு பேருக்காவது எந்த வண்டியையும் ஓட்டத் தெரிந்திருப்பது பெரிய பலம்.

உரிமம்: இதையும் கவனியுங்கள்

18 வயது நிறைந்தவர்கள் காருக்கான பழகுநர் உரிமம் எடுக்கலாம். இது 6 மாதம் செல்லும். 30 நாள் கழித்து ஓட்டிக் காட்டி நிரந்தர உரிமம் பெறலாம். பழகும் நாள்களில் 'எல்' போர்டு ஒட்டி, உரிமம் உள்ள ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் ரோட்டில் இறங்க வேண்டும். உறவினரிடம் பழகினாலும், பக்கத்து இருக்கையிலும் பிரேக் உள்ள பயிற்சிப் பள்ளி வண்டியில் முதல் சில நாள்கள் ஓட்டுவது நல்லது.

கார் உரிமத்தை வைத்துச் சிறிய சுமை வண்டி ஓட்டினால் விபத்தில் இன்ஷூரன்ஸ் கிடைக்குமா என்ற சந்தேகம் பல வருடமாக இருந்தது. 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவுபடுத்தியிருக்கிறது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சுமை வண்டியை ஓட்ட, இலகுரக வாகன உரிமமே போதும். தனி அனுமதி தேவையில்லை. மொத்த எடை என்பது வண்டியும் சுமையும் சேர்த்து.

கரும்பு வெட்டு நடக்கும் மாதங்களில் மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் ஆலைகளுக்குப் போகும் டிராக்டர்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு வரும். பின்னால் விளக்கு இல்லாத டிரெய்லர்களும் இருக்கும். அந்த நாள்களில் புதிதாகப் பழகுகிறவர்கள் இருட்டிய பிறகு வண்டி எடுக்க வேண்டாம். களத்தில் கிளட்ச் பிடிபட்ட பிறகு ஊர் ரோடு, அதன் பிறகு சங்கராபுரம் கடைவீதி என்று படிப்படியாகப் போங்கள். வெள்ளிமலைக்கு முதல் முறை போகும்போது சுமை இல்லாமல், பகல் வெளிச்சத்தில், மலை ஓட்டிப் பழகிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போங்கள். ஏறும்போது நீங்கள் ஓட்டினால், இன்னொரு நாள் மகள் ஓட்டட்டும். இறங்கும்போது இரண்டாவது கியரில் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வாருங்கள். கால் பிரேக்கைத் தேடுவது தானாகவே குறையும்.