‘ஈவ்னிங் ஒரு பார்ட்டி வராங்க சார்!’

வீடு பார்க்கப் போவது பெண் பார்க்கப் போவது மாதிரி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெண் பார்க்கப் போனால் சொஜ்ஜி, பஜ்ஜி கிடைக்கும். ‘ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்’ என்று சொல்லிவிட்டு நழுவலாம். சென்னையில் செகண்ட் ஹாண்ட் ஃப்ளாட் வாங்கப் போகிறவனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இங்கே அவன்தான் பெண். ஓனர்தான் மாப்பிள்ளை வீட்டார்.

‘‘எங்க வேலை? சம்பளம் எவ்வளவு? லோனா, ரெடி கேஷா? எத்தனை நாள்ல ரிஜிஸ்டர் பண்ணுவீங்க?’’

பாடத் தெரியுமா என்று கேட்கவில்லை. அது ஒன்றுதான் பாக்கி.

பழவந்தாங்கல், நங்கநல்லூர், மடிப்பாக்கம், குரோம்பேட்டை - இந்த நாலு இடத்திலும் ஏழு மாதம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாடிப்படி ஏறி இறங்கியவன் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன். ஒன்பது வருஷத்தில் ஐந்து வாடகை வீடு மாறியாகிவிட்டது. ஒவ்வொன்றும் பதினோரு மாத அக்ரிமெண்ட். சொந்தமாக இரண்டு பெட்ரூம், மிஞ்சிப் போனால் அறுபது லட்சம் என்று கிளம்பினோம்.

புரோக்கர்களில் நல்லவர், கெட்டவர் இரண்டு வகையும் உண்டு. ஆனால் இரண்டு வகையும் பேசும் வசனம் ஒன்றுதான்.

‘‘2015 வெள்ளத்துலயே இந்தத் தெருவுக்கு மட்டும் தண்ணி வரலை சார்.’’ (நான் பார்த்த எல்லாத் தெருவுக்கும் வரவில்லையாம். அப்படியானால் அந்தத் தண்ணீர் எங்கேதான் போனது?)

‘‘மெட்ரோ வருது சார். அடுத்த வருஷம் இந்த ரேட்டுக்குக் கார் பார்க்கிங் கூட கிடைக்காது.’’

மூன்றாவதுதான் பிரம்மாஸ்திரம். ‘‘யோசிச்சு சொல்லுங்க, அவசரம் ஒண்ணுமில்லை. ஆனா ஈவ்னிங் ஒரு பார்ட்டி டோக்கன் போட வராங்க சார்.’’

இந்த ‘ஈவ்னிங் பார்ட்டி’ முக்கால்வாசி நேரம் கற்பனைப் பாத்திரம். எத்தனையோ வீட்டில் சாயங்காலம் ஏழு மணி வரை எதிர் டீக்கடையில் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். ஒருத்தரும் வந்ததில்லை. சிக்கல் என்னவென்றால், மீதிக் கால்வாசி நேரம் நிஜமாகவே வந்துவிடுகிறார்.

நங்கநல்லூரில் அப்படித்தான். இரண்டாவது மாடி வாசலில் பதினோரு ஜோடி செருப்பு. துக்க வீடோ என்று ஒரு கணம் தயங்கினேன். உள்ளே நாலு குடும்பம். ஒருத்தர் பாத்ரூம் குழாயைத் திறந்து பார்க்கிறார். ஒரு மாமி பூஜை ரூம் எந்தத் திசை என்று செல்போனில் திசைகாட்டி வைத்துப் பார்க்கிறார். ஓனர் ஹைதராபாத்தில். புரோக்கர் போனை ஸ்பீக்கரில் போட்டு, ஹால் நடுவில் டீப்பாய் மேல் வைத்தார். அதைச் சுற்றி நாங்கள் பயபக்தியோடு நின்றோம். சொன்ன விலை 58. ஒருத்தர் 59 என்றார். அவர் வாயை மூடுவதற்குள் இன்னொருத்தர் 60. ‘‘அப்ப ஒரு 62-ன்னா யோசிக்கலாம்’’ என்றது டீப்பாய். மொத்தம் நாற்பது நிமிஷம். ஏலக் கடையிலாவது மூன்று தரம் சொல்வான்.

இங்கேதான் என் பி.காம். மூளை விழித்துக்கொண்டது. கொஞ்சம் கணக்கு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாங்க் உங்களுக்கு எதை வைத்துக் கடன் கொடுக்கிறது? நீங்கள் ஒப்புக்கொண்ட விலையை வைத்து அல்ல. அவர்கள் ஆள் வந்து பார்த்துப் போடுகிற மதிப்பு ஒன்று இருக்கிறது. அதுவும் விலையும் - எது குறைவோ அதை வைத்து. ரிசர்வ் பாங்க் விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு உச்சவரம்பு மதிப்பில் 80 சதவீதம். முத்திரைத்தாள், பதிவுச் செலவு அந்த மதிப்பில் சேராது.

ஒரு ஃப்ளாட்டுக்கு பாங்க் போட்ட மதிப்பு 55 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலையும் 55 என்றால் கடன் 44. கைக்காசு 11. பத்திரச் செலவு 9 சதவீதம் - முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2. 2023 ஏப்ரலில் இருந்து இந்தக் கணக்கு, அதற்கு முன்னால் 11 - ஆக 4 லட்சத்து 95 ஆயிரம். புரோக்கருக்கு ஒரு சதவீதம் 55 ஆயிரம். மொத்தம் கையிலிருந்து 16 லட்சத்து 50 ஆயிரம்.

அதே ஃப்ளாட்டை டீப்பாய் சொன்ன 62-க்கு வாங்கினால்? பாங்க் அசையாது. கடன் அதே 44. கைக்காசு 18. பத்திரம் 5 லட்சத்து 58 ஆயிரம். புரோக்கர் 62 ஆயிரம். மொத்தம் 24 லட்சத்து 20 ஆயிரம்.

விலை ஏறியது 13 சதவீதம்தான். உங்கள் கையிலிருந்து போவது ஏறியது 47 சதவீதம். நாலு பேர் போட்டியில் ஏறுகிற ஒவ்வொரு லட்சமும் முழுசாக உங்கள் பாக்கெட்டிலிருந்து போகிறது. அதில் பாங்குக்கு ஒரு பைசா பங்கு கிடையாது. ‘ரெண்டு லட்சம்தானே, இ.எம்.ஐ.ல என்ன பெரிசா கூடப் போகுது’ என்று ஆபீஸில் யாராவது சொன்னால், அவரிடமே அந்த இரண்டு லட்சத்தைக் கைமாற்றாகக் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் அந்த ‘பாக்கெட்’ என்பது அப்பாவின் ஃபிக்ஸட் டெபாசிட். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ரிடையர் ஆனபோது வந்த பணத்தில் மிச்சம் 9 லட்சம். மனைவியின் நகை, எங்கள் சேமிப்பு எல்லாம் சேர்ந்தும் அது இல்லாமல் நடக்காது. ‘‘எனக்கெதுக்குடா, எடுத்துக்கோ’’ என்றுதான் சொன்னார். ஆனால் மாசாமாசம் வட்டி வருகிற அன்று பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு பாங்குக்குப் போய் வரிசையில் நின்று பதிந்துகொண்டு வருகிறவர் அவர். எதுக்கு என்று எனக்குத் தெரியும்.

பாங்கில் என்னை எப்படி வரவேற்றார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘‘சார் என்ன பண்றீங்க?’’ ‘‘பத்திரிகைகள்ல எழுதறேன்.’’ ‘‘அது சரி, வேலை?’’ சம்பளச் சீட்டு இல்லாதவனிடம் மூன்று வருஷத்து வருமான வரி ரிட்டர்ன் கேட்கிறார்கள். என் ரிட்டர்னைப் பார்த்துவிட்டு அந்த ஆபீசர் எனக்கு ஒரு காபி சொன்னார். பரிதாபப்பட்டுத்தான் இருக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கும் மனைவியின் பெயர் முதலில், என் பெயர் இரண்டாவது என்று போட்டு, வீடு பார்க்கும் முன்பே ‘இவ்வளவு தரலாம்’ என்று ஒரு கடிதம் வாங்கிக்கொண்டோம். உங்களில் வீடு பார்க்கிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான். ‘‘லோன் லெட்டர் இருக்கு’’ என்று சொன்னதும் புரோக்கர் உட்கார நாற்காலி எடுத்துப் போடுகிறார்.

(பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் சலுகை என்று 2025 ஏப்ரலில் இருந்து ஒரு விதி உண்டு. ஆசையோடு விசாரித்தேன். 10 லட்சம் வரையிலான சொத்துக்குத்தானாம். சென்னையில் அந்த விலைக்கு மாடிப்படி வேண்டுமானால் கிடைக்கும்.)

வட்டியையும் மறக்காதீர்கள். 2022 மே ஆரம்பத்தில் 4 சதவீதமாக இருந்த ரிசர்வ் பாங்க் ரெப்போ விகிதம், 2023 பிப்ரவரிக்குள் ஆறரை ஆகிவிட்டது. 40 லட்சம், 20 வருஷம், 7 சதவீதம் என்றால் மாதம் சுமார் 31,000. அதுவே ஒன்பதரை ஆனால் 37,000-க்கு மேல். தவணையை ஏற்றாமல் வருஷத்தை நீட்டினால் ரிடையர் ஆன பிறகும் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

‘‘பாதி ஒயிட், பாதி பிளாக்’’ என்று காபி டிகாக்‌ஷன் மாதிரி பேசும் ஓனர்களும் உண்டு. சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2015 ஜூனிலிருந்து வருமான வரிச் சட்டம் சொல்கிறது. சட்டத்தை விடுங்கள், சுயநலமாகவே யோசியுங்கள். பத்திரத்தில் ஏறாத பணத்துக்கு பாங்க் கடன் தராது. பேரம் முறிந்தால் திருப்பிக் கேட்கச் சாட்சி கிடையாது. அப்படிக் கேட்டவர்கள் வீட்டில் தண்ணீர் கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டோம்.

மடிப்பாக்கம் வீடுதான் எங்களைக் கிட்டத்தட்ட விழுங்கிவிட்டது. முதல் மாடி, கிழக்கு பார்த்தது, நல்ல காற்று. விலை 57. ஃப்ரிட்ஜை எங்கே வைப்பது என்பது வரை மனைவி முடிவு பண்ணிவிட்டாள். விற்கிறவர்கள் ஒரு அம்மா, இரண்டு மகன்கள். அந்த அம்மாவின் கணவர் வாங்கிய ஃப்ளாட், அவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். ‘‘புதன்கிழமைக்குள்ள ரெண்டு லட்சம் போட்டு அக்ரிமெண்ட் எழுதிடுங்க சார். ஈவ்னிங் ஒரு பார்ட்டி...’’

வில்லங்கச் சான்றிதழைப் பதிவுத்துறையின் வெப்சைட்டிலேயே எடுத்தேன். சுத்தமாக இருந்தது. ஜெராக்ஸ்களைத் தூக்கிக்கொண்டு தாம்பரத்தில் ஒரு வக்கீலம்மாவிடம் போனேன். மூலப் பத்திரத்தைப் பார்த்தார். வாரிசுச் சான்றிதழைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

‘‘தம்பி, வாரிசு நாலு பேர் இருக்கே. விக்கறவங்க மூணு பேர்தானே?’’

புரோக்கருக்குப் போன் போட்டேன். ‘‘ஓ, அதுவா சார்! தங்கச்சி. கல்யாணம் ஆகி திருச்சியில செட்டில் ஆயிட்டாங்க. அவங்க எதுவும் கேக்க மாட்டாங்க.’’

வக்கீலம்மா சிரித்தார். ‘‘கேக்க மாட்டாங்கன்னா, ஒரு கையெழுத்து போடறதுல என்ன கஷ்டமாம்?’’

அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து உயில் இல்லாமல் வந்தால், மகனுக்கு எவ்வளவோ அவ்வளவு மகளுக்கும் என்று 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. கல்யாணம் ஆச்சா என்றெல்லாம் அந்தச் சட்டம் கேட்கவில்லை. ஆக, அந்த வீட்டில் கால் பங்கு திருச்சியில் இருந்தது. வில்லங்கத்தில் அது ஏன் வரவில்லை? பதிவான பத்திரங்கள்தான் அதில் வரும். தங்கையை யாரும் பதிவு பண்ணுவதில்லையே.

அந்தப் பெண் விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், இல்லை விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிந்து தர வேண்டும். பதினைந்து நாள் அவகாசம் கேட்டேன். புதன்கிழமைதான் என்றார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலமே ‘ஈவ்னிங் பார்ட்டி’ வந்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டது. இந்தத் தடவை நிஜப் பார்ட்டி.

அன்று ராத்திரி சாப்பிடும்போது யாரும் பேசவில்லை. அப்பாதான் ஆரம்பித்தார்.

‘‘எஃப்.டி. இன்னும் என் பேர்லதானே இருக்கு?’’

‘‘ஆமாம்பா.’’

‘‘அப்ப இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தும்மா.’’

இத்தனைக்கும் பிறகு எப்படித்தான் வாங்கினாய் என்கிறீர்களா? குரோம்பேட்டையில், 1994-ல் கட்டிய பில்டிங், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. 780 சதுர அடி. ஆனால் யூ.டி.எஸ். என்கிற பிரிக்கப்படாத மனைப் பங்கு 410 சதுர அடி. புது அடுக்குமாடிகளில் இந்த அளவு வீட்டுக்கு இதில் முக்கால் பங்கு கிடைத்தாலே பெரிது. கட்டடம் ஒரு நாள் கிழடாகும், மண்தான் மிஞ்சும். அதனால் பழைய வீடு வாங்குகிறவர்கள் டைல்ஸைப் பார்ப்பதற்கு முன்னால் பத்திரத்தில் இந்த எண்ணைப் பாருங்கள். பாங்கும் 54-க்கு முழுசாக மதிப்புப் போட்டது.

ஓனர் ஒரு ரிடையர்டு வாத்தியார். அவருக்கும் போட்டி இருந்தது. ஒருத்தர் என்னைவிட ஒன்றரை லட்சம் கூடத் தருவதாகச் சொல்லியிருந்தார். நான் தற்செயலாகத்தான் கேட்டேன். ‘‘நீங்க எப்ப காலி பண்ணலாம்னு இருக்கீங்க சார்?’’

வாத்தியாரும் மாமியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். கோயம்புத்தூரில் மகன் வீடு கட்டிக்கொண்டிருக்கிறான், முடிய நாலு மாதம் ஆகும். அதிகம் தருகிறேன் என்றவர் ஒரே மாதத்தில் சாவி கேட்கிறாராம். எழுபது வயதில் நாலு மாதத்துக்கு எந்த வாடகை வீட்டுக்குப் போவது என்று மாமிக்கு ராத்தூக்கம் இல்லை. இதை அவர்களிடம் ஒருத்தரும் கேட்கவில்லை. எல்லோரும் விலையைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

‘‘நாலு மாசம் இங்கயே இருங்க. பத்திரம் முதல்ல முடிச்சுக்கலாம், நீங்க வாடகை அக்ரிமெண்ட் எழுதிக் குடுத்துடுங்க’’ என்றேன். வக்கீலம்மா பத்திரங்களைப் பார்க்க மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். வாத்தியார் ஒரு நாள்கூட அவசரப்படுத்தவில்லை. அவருக்கே நேரம் தேவைப்பட்டது!

ஒரே ஒரு இடத்தில் மட்டும் மல்லுக்கு நின்றார். 50 லட்சமோ அதற்கு மேலோ உள்ள சொத்து என்றால் வாங்குகிறவர் ஒரு சதவீதம் வரி பிடித்து அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டும் என்று 2013-ல் இருந்து விதி. 54 ஆயிரம். ‘‘என் காசைப் பிடிக்க நீ யாருப்பா?’’ என்றார். அது அவர் பான் கணக்கில்தான் வரவாகும், ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம் என்று இரண்டு காபி செலவில் புரியவைத்தேன். (விற்கிறவர் வெளிநாட்டுவாசி என்றால் பிடித்தம் இதைவிடப் பல மடங்கு. அதற்குக் காபி போதாது, ஆடிட்டர் வேண்டும்.)

நாலு மாதம் நான் ஒரு வீட்டுக்கு ஓனர், இன்னொரு வீட்டில் குடித்தனக்காரன். ஐந்தாம் தேதி வாத்தியார் எனக்கு வாடகை கொடுப்பார். ஆறாம் தேதி அதற்கு மேல் மூவாயிரம் போட்டு நான் என் ஓனரிடம் கொடுப்பேன். சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்பாகவே காலி செய்து, துடைத்து, கோலம் போட்டு, சாவியை அப்பா கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். சமையலறையில் ஒரு பெரிய கருங்கல் ஆட்டுக்கல் மட்டும் இருக்கிறது. மூன்று மாடி இறக்க ஆள் கிடைக்கவில்லையாம். பத்திரத்தில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.