மூளையில் ஒரு புடைப்பு

பழைய சைக்கிள் டியூபுக்குக் காற்றடித்தால், தேய்ந்து மெலிந்த இடம் மட்டும் புடைத்துக்கொள்வதை நாம் பார்த்திருக்கிறோம். மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாயிலும் இப்படி நேர்வதுண்டு. கிளை பிரியும் இடத்தில் குழாயின் சுவர் மெலிந்தால், அது சிறு பை போலப் புடைக்கிறது. வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

நூறு பெரியவர்களில் ஏறக்குறைய மூவருக்கு இப்புடைப்பு இருக்கிறது. பெரும்பாலானவை வெடிப்பதே இல்லை. அப்படியானால் ஆபத்தானது எது என்று அறிவது எப்படி?

1927-இல் போர்த்துகல் மருத்துவர் எகாஸ் மோனிஸ், இரத்தக் குழாயில் மருந்து செலுத்தி, மூளையின் குழாய்களை எக்ஸ்ரே படத்தில் காட்டினார். இன்று சி.டி., எம்.ஆர்.ஐ. படங்கள் அவ்வேலையை எளிதாக்கிவிட்டன. புடைப்பின் அளவு, இடம், வடிவம் ஆகியவற்றை மருத்துவர் கவனிக்கிறார். சில காலம் கழித்து மீண்டும் படமெடுத்து, அது வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிடுகிறார்.

ஜப்பானில் 6,697 புடைப்புகளைக் கண்காணித்த ஆய்வு 2012-இல் வெளிவந்தது. ஆண்டுக்கு நூற்றில் ஏறக்குறைய ஒன்று வெடித்தது. 7 மில்லிமீட்டருக்கு மேற்பட்டவையும், மேலே இன்னொரு சிறு மொட்டு முளைத்தவையும் அதிகம் வெடித்தன.

படம் சோதிடம் அன்று. நாள் குறித்துச் சொல்லாது. ஆபத்து எவ்வளவு என்றுதான் சொல்லும். இரத்த அழுத்தத்தை அடக்குவதும் புகையை விடுவதும் நம் கையில் இருக்கின்றன. நெருங்கிய உறவினர் இருவருக்கு இந்நோய் வந்திருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இடி விழுந்தாற்போல் திடீரெனக் கடுந்தலைவலி வந்தால், தைலம் தேய்த்துக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்வோம்.