பக்கம் எங்கிருந்து வருகிறது?

எட்டயபுரத்தில் ஒருவர் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க் கடை ஒன்றின் வலைப்பக்கத்தைச் செல்போனில் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடை சுமார் 15 கி.மீ. தூரம்தான். பக்கமோ மும்பையிலிருந்து வரலாம், சிங்கப்பூரிலிருந்தும் வரலாம். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற மிட்டாய் அது. குறித்த வட்டாரத்தில் செய்தால்தான் அந்த ஊர்ப்பெயர் போட முடியும். அதை விற்கும் பக்கத்துக்கு அப்படி எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. எந்த ஊர்க் கம்ப்யூட்டரில் வாடகைக்கு இடம் பிடித்திருக்கிறார்களோ, அங்கே இருக்கும். அந்தக் கம்ப்யூட்டரைத்தான் சர்வர் என்கிறோம். கேட்டவருக்குக் கேட்ட பக்கத்தை அனுப்ப இரவும் பகலும் அணையாமல் காத்திருக்கும்.

கேட்பது பிரவுசரின் வேலை. நாம் தட்டுவது பெயர். கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று கண்டுபிடிப்பது எண்ணை வைத்து. பெயருக்கு எண்ணைத் தேடித் தருவதற்கென்றே டிஎன்எஸ் என்ற ஏற்பாடு இருக்கிறது. ‘.இந்தியா’ என்று முடியும் தமிழ் விலாசங்களும் உண்டு. ஆனால் உள்ளே போகும்போது அவை ரோமன் எழுத்துகளாக மாற்றப்பட்டுவிடும். வாசலில் மட்டும்தான் தமிழ்!

எண் கிடைத்ததும் கேள்வி கிளம்புகிறது. செல்போனிலிருந்து டவர் வரைதான் காற்றுவழி. அதற்கப்புறம் பெரும்பாலும் மண்ணுக்கடியில் ஓடும் கண்ணாடியிழை. அதில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கி.மீ. போகிறது. மும்பை அதற்கு ஒரு தூரமே இல்லை.

பதில் ஒரே மூட்டையாக வராது. பொதுவாக 1,500 பைட்டுக்கு மிகாத துண்டுகளாக வரும். லாரி ஏறும் தீப்பெட்டி பண்டல்களைப் போல ஒவ்வொன்றிலும் சேருமிடமும் வரிசை எண்ணும் இருக்கும். முன்னே பின்னே வந்தாலும் செல்போன் அடுக்கிக்கொள்ளும். வராத துண்டைச் சர்வர் திரும்ப அனுப்பும். ‘கோவில்பட்டி’ என்ற சொல்லைத் தமிழில் அனுப்ப 33 பைட் ஆகிறது, ரோமன் எழுத்தில் 10 போதும். அதற்காகத் தமிழில் எழுதத் தயங்க வேண்டாம். டேட்டாவைத் தின்பது எழுத்தல்ல, படமும் வீடியோவும்தான்.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி இணையத்தின் வேலை. வலை அதன்மேல் பின்னாளில் ஏறி உட்கார்ந்தது. ஜெனிவாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில், ஆளுக்கொரு கம்ப்யூட்டரில் சிதறிக் கிடந்த ஆவணங்களை ஒன்றோடொன்று கோக்க டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் வழி சொன்னார். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு விலாசம், பக்கத்தை எழுத ஒரு முறை, கேட்டு வாங்க ஒரு முறை. இவ்வளவுதான். ஒரு பக்கத்துக்கு லிங்க் கொடுக்க அதன் சொந்தக்காரரிடம் கேட்க வேண்டியதில்லை என்பதுதான் இதில் பெரிய விஷயம் என்பேன். 1993 ஏப்ரல் 30இல் செர்ன் இதை எல்லாருக்கும் இலவசமாக விட்டுவிட்டது. கட்டணம் வைத்திருந்தால் கரிசல்காட்டுச் சிறுகடைக்கு வலைப்பக்கம் எட்டாமலே போயிருக்கலாம். இந்தியாவில் அன்றைய அரசு நிறுவனமான விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது.

இனி ‘404’ என்று வந்தால் டவரைத் திட்ட வேண்டாம். கேள்வி சர்வர் வரை ஒழுங்காகப் போய், பதிலும் வந்துவிட்டது. அந்த விலாசத்தில் அப்படி ஒரு பக்கம் இல்லை, அவ்வளவுதான். சிக்னல் கோடுகள் முழுசாக இருந்தும் எதுவுமே வரவில்லையா? டவர் உங்கள் பக்கத்தில் நன்றாகத்தான் நிற்கிறது. அதற்கு அப்பால் எங்காவது பள்ளம் தோண்டிய ஜேசிபி கேபிளை அறுத்திருக்கலாம்.