நான்கு டயரும் ஒன்றுபோல் தேயட்டும்

மல்லி, மிளகாய், பருத்தி, மக்காச்சோளம் என்று மல்லாங்கிணறு, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் விளையும் எதுவானாலும் கடைக்கோ கமிஷன் மண்டிக்கோ வந்து சேர வண்டி வேண்டும். வாடகைக்கும் டீசலுக்கும் கணக்கெழுதும் வியாபாரிகள் நாம், டயருக்கென்று தனிப் பக்கம் ஒதுக்குவதில்லை. டயர் தேய்ந்தால் டிரைவர் மீது பழியைப் போட்டுவிட்டுப் புது டயர் வாங்குகிறோம். தேய்மானத்தின் காரணம் பெரும்பாலும் டிரைவரின் காலில் இல்லை. நம் பராமரிப்பில் இருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசல் மண் சக்கரத்தை விடாது. அதற்காகவே சிலர் பொலிரோ கேம்பர், பிக்கப் போன்ற வண்டிகளில் 4 வீல் டிரைவ் உள்ளதை வாங்குகிறார்கள். நல்ல முதலீடுதான். ஆனால் அதன் சூட்சுமம் தெரிய வேண்டும்.

இத்தகைய வண்டிகளில் 4 வீல் டிரைவைப் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டப்படுகின்றன. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் ஓட வேண்டும். சகதியில் டயர் சற்று வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க முடியாது. அந்த முறுக்கு முழுவதும் பிரபெல்லர் ஷாப்ட், டிரான்ஸ்பர் கேஸ், கிரவுன் பினியன் மீது ஏறும். ஸ்டியரிங் இறுகும்; 4 வீல் லீவர் திரும்ப வர மறுக்கும். அப்போது நேராகச் சற்றுப் பின்னால் எடுத்தால் முறுக்கு விடுபடும். காட்டுப் பாதை முடிந்து மதுரை - தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் ஏறும் முன்பே லீவரை 2 வீலுக்கு மாற்றிவிட வேண்டும்.

டயர்கள் ஒன்றுக்கொன்று அளவில் மாறுபட்டாலும் இதே தொல்லைதான். முன் டயர்களில் பட்டன் 8 மி.மீ., பின் டயர்களில் 3 மி.மீ. என்று வையுங்கள். ஆரத்தில் 5 மி.மீ. குறைந்தால் சுற்றளவில் சுமார் 31 மி.மீ. குறையும். சுற்றளவு 2.2 மீட்டர் உள்ள டயருக்கு இது கணக்குப்படி கிலோமீட்டருக்கு சுமார் 6 சுற்று கூடுதல். 100 கிலோமீட்டருக்கு 600 சுற்றுக்கு மேல். நேர்ரோட்டில் ஓடினாலும் 4 வீல் போட்டிருக்கும் வரை பல் சக்கரங்கள் இந்த வித்தியாசத்தைத் தாங்க வேண்டும். சாதாரண 2 வீல் வண்டியிலும், பின் அச்சின் ஒரு பக்கம் புது டயர், மறுபக்கம் பழைய டயர் என்றால், டிஃபரன்ஷியலின் சிறு பல் சக்கரங்களுக்கு ஓய்வே கிடையாது. டயரில் மிச்சம் பிடித்த பணம் ஹவுசிங்கில் போய்விடும்.

இதற்குப் பரிகாரம் எளிது. 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்ற வேண்டும். பின் டயர்கள் அதே பக்கத்தில் முன்னால் வரட்டும். முன் டயர்கள் பக்கம் மாறிப் பின்னால் போகட்டும். ஒரே திசையில் மட்டும் சுழல வேண்டிய அம்புக்குறி போட்ட டயரானால் பக்கம் மாற்றக் கூடாது. முன்னும் பின்னும் வேறு வேறு அளவு டயர் உள்ள வண்டியில் அச்சு விட்டு அச்சு மாற்றக் கூடாது. ஸ்டெப்னி அதே அளவு, அதே வகையாக இருந்தால் அதையும் சுற்றில் சேர்க்கலாம். இல்லையேல் ஸ்டெப்னி புதிதாகவே கிடக்க, மற்றவை கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாகிவிடும்.

மாற்றிய பின் முன், பின் அச்சுகளுக்குரிய காற்றழுத்தத்தைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும். 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை மீண்டும் முறுக்கிப் பார்ப்பது அவசியம். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் முதலில் அலைன்மென்ட் பாருங்கள். நோயை வைத்துக்கொண்டு இடம் மாற்றினால் நல்ல டயரும் தேயும்.

பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள லாரி வைத்திருப்போருக்கும் ஒரு வார்த்தை. ஜோடி டயர்களில் ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக இருந்தால் பெரியதே பாரத்தைச் சுமந்து சூடேறும். ரீபட்டன் டயரைப் புது டயரோடு ஜோடி சேர்க்கும்போது அளவு பார்ப்பது அதனால்தான்.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் நான்கு சக்கர வண்டிகளுக்குப் பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்கின்றன. டயரின் பள்ளத்தில் உள்ள அடையாள மேடு அதைக் காட்டிவிடும். மழைக்காலத்தில் அந்த எல்லை வரை காத்திருப்பதும் ஆபத்துதான். மூட்டைகளோடு அந்த வண்டியில் ஒரு குடும்பத்தின் பிழைப்பும் போகிறது.

ஆகவே, ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சிறு நோட்டுப் போடுவோம். டயர் எண், மாட்டிய தேதி, கிலோமீட்டர், இடம் மாற்றிய நாள் ஆகியவற்றை டிரைவர் முன்னிலையில் எழுதுவோம். அதன்பின் யார் மீதும் வீண்பழி வராது. கல்லாவில் காசை எண்ணும் கவனத்தில் கால்பங்கு டயருக்குக் கிடைத்தாலே போதும்.