ராக்கெட்டைச் சுமந்த சைக்கிள்

1966இல் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் எடுத்த படம் அது. சைக்கிள் கேரியரில் ராக்கெட்டின் கூம்பு முனை. இரண்டு பேர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கிறார்கள். 1963 நவம்பர் 21 அன்று நைக்கி அப்பாச்சி ராக்கெட் புறப்பட்ட கடற்கரை அது. படத்தைப் பார்ப்பவர்கள் ராக்கெட்டை வியப்பார்கள். எனக்கோ சைக்கிள்தான் பெரிய புதிர்.

ராக்கெட் எப்படி வேகம் பிடிக்கிறது என்ற சமன்பாட்டை ரஷ்யாவின் சியால்கோவ்ஸ்கி 1903லேயே வெளியிட்டுவிட்டார். இன்றைய வடிவச் சைக்கிள் அதைவிட மூத்தது. 1885இல் இங்கிலாந்தில் வந்த ‘ரோவர்’தான் அதன் முன்னோடி. ஆனால் அது ஏன் விழாமல் ஓடுகிறது என்ற ஆராய்ச்சி 2011இலும் முடிந்தபாடில்லை!

ஆளில்லாத சைக்கிளை மைதானத்தில் வேகமாகத் தள்ளிவிடுங்கள். இடப்பக்கம் சாய்ந்தால் ஹாண்டில்பாரும் இடப்பக்கம் திரும்பும். விழப்போகும் பக்கத்துக்கே சக்கரம் ஓடி, உடலைத் தாங்கிக்கொள்ளும். உள்ளங்கையில் துடைப்பத்தை நிறுத்துகிறவர், அது சாயும் பக்கம் கையை நகர்த்துவாரே, அதே வித்தை.

ஆளில்லாத வண்டியின் ஹாண்டில்பாரை யார் திருப்புகிறார்கள்? முதல் பதில், சுழலும் சக்கரம். அது சாய்ந்தால், சாய்ந்த பக்கமே திரும்பும். சுழல்வது தன் அச்சை எளிதில் மாற்றிக்கொள்ளாது; இதைச் சுழல் நிலைப்பு என்பார்கள். வளிமண்டலத்தை ஆராயும் சிறு ராக்கெட்டுகள் பல சுழன்றபடியே மேலேறுவதும் இதற்காகத்தான். இரண்டாவது பதில், முன்பக்க ஃபோர்க்கின் சாய்வு. ஹாண்டில்பாரின் அச்சைக் கோடாக நீட்டினால், அது டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் மண்ணில் படும். இந்த இடைவெளிக்குப் ‘பின்தடம்’ என்று பெயர் வைப்போம். தள்ளுவண்டியின் சிறு சக்கரம் போகும் திசைக்குத் தானே திரும்பிக்கொள்வது இதனால்தான்.

2011இல் டெல்ஃப்ட், கார்னெல் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு விசித்திர வண்டியைச் செய்தார்கள். எதிர்த்திசையில் சுழலும் கூடுதல் சக்கரங்கள் சுழல் நிலைப்பை அழித்தன. பின்தடமும் இல்லை. அப்படியும் அது தானே நிமிர்ந்து ஓடியது! முன்பகுதியின் எடை தாழ்வாக, முன்தள்ளி இருந்ததால் அது பின்பகுதியைவிட வேகமாகச் சாய்ந்து, சக்கரத்தைத் திருப்பியது. ஒரே காரணம் என்று எதையும் சுட்ட முடியவில்லை.

இத்தனையையும் பத்து வயதில் உடம்பால் கற்றோம். வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்ட தலைமுறை எங்களுடையது. சீட் எட்டாது, பாருக்கு அடியில் வலக்காலை நுழைத்து மிதிக்க வேண்டும். உடம்பு இடப்பக்கம் தொங்கும். அதற்கு ஈடாக வண்டியை வலப்பக்கம் சாய்ப்போம். இரண்டின் மொத்த எடையும் டயர்க் கோட்டுக்கு மேலே நிற்க வேண்டும். அது தெரியாமலே அதைச் சாதித்தோம்.

மீண்டும் அந்தப் படத்துக்கு வருவோம். திருவனந்தபுரம் மேடும் பள்ளமுமான ஊர். கியர் இல்லாத சைக்கிள் அங்கே தொடையைப் பதம் பார்க்கும். தும்பா கடலோரச் சமதரை. கூம்புக்கு அந்த வாகனம் போதும்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறக்குறைய பாதி வீடுகளில் சைக்கிள் இருந்தது. உங்கள் வீட்டிலும் இருந்தால், சீட்டை மட்டும் பிடித்து மெதுவாக ஒரு பக்கம் சாய்த்துப் பாருங்கள். முன்சக்கரம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள்.