கடல் கடந்த தனிமை

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் நோக்கிச் செல்லும் மின்சார இரயில் பரங்கிமலையைக் கடந்ததும், மாநகரின் தென்புறநகர்ப் பகுதி தொடங்குகின்றது. மீனம்பாக்கத்தை அடுத்துத் திரிசூலம் என்றொரு நிலையம் உண்டு. அதன் எதிரில் பன்னாட்டு விமான நிலையம் அமைந்துள்ளது. கல்வியை நாடியும் பணியை நாடியும் நம் இளைஞர் பலர் அங்கிருந்து அயல்நாடுகளுக்குத் தனியே புறப்படுகின்றனர். திரிசூலத்திலிருந்து மூன்றாவதாக வரும் நிலையத்தின் பெயர் 'தாம்பரம் சானடோரியம்' என்பதாகும். சானடோரியம் என்பது காசநோயாளர் தங்கி நலம் பெறுவதற்கான மருத்துவ நிலையம். விமான நிலையத்திற்கும் அம்மருத்துவ நிலையத்திற்கும் தொடர்பு யாது என்று நீங்கள் வினவலாம். அம்மருத்துவ நிலையத்தைத் தோற்றுவித்த டாக்டர் சவுரிமுத்துவும் கணித மேதை இராமானுஜனும் ஒரே கப்பலில் இங்கிலாந்து சென்றவர்கள். தனியே அயல்நாடு செல்வோர் எய்தும் துன்பம் எத்தகையது, அவர்க்கு ஆறுதல் தருவன எவை என்பவற்றை அவர்கள் வரலாறு நமக்கு நன்கு விளக்கும்.

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். 1912ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக அமர்ந்தார். 1913ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தம் கணித முடிவுகளைக் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதி அனுப்பினார். அவற்றைக் கண்டு வியந்த ஹார்டி, அவரை இங்கிலாந்திற்கு அழைத்தார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை வழங்க முன்வந்தது. அத்தொகையிலிருந்து மாதந்தோறும் 60 ரூபாய் தம் குடும்பத்திற்குச் சேருமாறு இராமானுஜன் ஏற்பாடு செய்தார்.

கடல் கடத்தல் ஆகாது என்று கருதிய குடும்பம் அவருடையது. ஆதலின் பயணத்திற்கு முன்பே அவர் பலவற்றைத் துறக்க நேர்ந்தது. தாயையும் இளம் மனைவியையும் எழும்பூரில் இரயிலேற்றிக் கும்பகோணத்திற்கு அனுப்பி வைத்தார். தாம்பரத்தைக் கடந்து செல்லும் தென்னக இருப்புப் பாதை வழியே அவர்கள் ஊர் திரும்பினர். அதன் பின்னரே அவர் தம் குடுமியைக் களைந்து, மேனாட்டு உடையை அணிந்தார். 1914ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் 'நெவாசா' என்னும் கப்பல் அவரை ஏற்றிக்கொண்டு சென்னைத் துறைமுகத்தினின்றும் புறப்பட்டு, ஏப்பிரல் 14ஆம் நாள் இலண்டனை அடைந்தது. டாக்டர் சவுரிமுத்து அப்பயணத்தில் அவருக்கு அறிமுகமானவர்.

அயல்நாட்டில் ஒருவனை வருத்துவன பெருந்துன்பங்கள் மட்டுமே என்று நாம் எண்ணுதல் கூடாது. சிறு குறைகளே நாள்தோறும் உடனிருந்து உள்ளத்தை அரிப்பன. இராமானுஜன் புலால் உண்ணாதவர். ஆதலின் கல்லூரி உணவை ஏலாது, தம் அறையிலேயே தனித்துச் சமைத்து உண்டார். புளியும் தேங்காய் எண்ணெயும் அனுப்புமாறு நண்பருக்குக் கடிதம் எழுதினார். 1914ஆம் ஆண்டில் முதல் உலகப் போர் மூண்டது. மாணவரும் ஆசிரியரும் போர்முனை செல்லவே, கேம்பிரிட்ஜ் வெறிச்சோடியது. நல்ல காய்கறிகள் கிடைத்தல் அரிதாயிற்று. கடற்பயணமும் இடர் மிகுந்ததாயிற்று.

குளிரைப் பற்றிய நிகழ்ச்சி ஒன்று குறிப்பிடத்தக்கது. பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய மகலனோபிசு அப்பொழுது கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்தார். அவர் ஒருநாள் இராமானுஜனிடம், இரவில் கதகதப்பாக உறங்க முடிகின்றதா என்று வினவினார். மேலங்கியை அணிந்து, சால்வையைப் போர்த்துப் படுத்தும் குளிர் தாங்கவில்லை என்றார் இராமானுஜன். மகலனோபிசு கட்டிலைச் சென்று பார்த்தார். அங்குக் கம்பளிகள் பல இருந்தன. ஆனால், அந்நாட்டு வழக்கப்படி அவை மெத்தையின் விளிம்புகளில் இறுகச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுத்தல் வேண்டும் என்பதை இராமானுஜன் அறியார்; கம்பளிகளுக்கு மேலேயே படுத்து வந்திருக்கின்றார். உலகம் அறியாத கணித உண்மைகளை அறிந்தவருக்கு அதனைச் சொல்லித்தர ஒருவரும் இல்லை. அவரும் பிறரைக் கேட்கவில்லை. உண்மையில், அங்கு இல்லாதிருந்தது கம்பளியன்று, "எப்படி உறங்குகின்றாய்?" என்று கேட்கும் ஓர் உறவே ஆகும்.

தனிமை உள்ளத்தை மென்மையாக்கிவிடும். சிறு சொல்லும் பெரும்புண் செய்யும். ஒருமுறை இராமானுஜன் இந்திய நண்பர் சிலரை விருந்திற்கு அழைத்துத் தாமே சமைத்துப் பரிமாறினார். இருமுறை ரசத்தை விரும்பி அருந்திய பெண்கள் மூன்றாம் முறை போதும் என்றனர். சற்று நேரத்தில் இராமானுஜனைக் காணவில்லை. அவர் மனம் வருந்தி ஆக்சுபோர்டு நகருக்குச் சென்றுவிட்டார் என்பது சில நாட்கள் கழித்தே தெரிந்தது. தம் ஊரில் உற்றார் நடுவே இருந்திருப்பின் இதனை அவர் நகைத்து மறந்திருப்பார் அல்லரோ?

எனினும் அவ்வாழ்க்கை முழுவதும் துன்பமே என்று கூறுதல் பொருந்தாது. சிறு இன்பங்களும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் மகலனோபிசும் அவரும் உரையாடிக்கொண்டே நெடுந்தொலைவு நடந்து செல்வர். ஒருநாள் இராமானுஜன் அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டிருக்க, மகலனோபிசு ஓர் இதழில் வெளிவந்த புதிரைப் படித்துக் காட்டினார். ஒரு தெருவில் வீடுகள் 1, 2, 3 என வரிசையாக எண்ணிடப்பட்டுள்ளன. ஒரு வீட்டிற்கு இப்புறமுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் அப்புறமுள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமமாக உள்ளன. வீடுகள் 50க்கு மேல், 500க்குள். அவ்வீட்டின் எண் யாது? 288 வீடுகளுள் 204ஆவது வீடு என்பதே விடை. இராமானுஜனோ கரண்டியைக் கீழே வையாமலே, இவ்வகைப் புதிர்கள் அனைத்திற்கும் பொருந்தும் பொதுவிடையைக் கூறினார்! சமையலும் கணிதமும் நண்பனின் வியப்பும் கூடிய அத்தகைய வேளைகளே அயல்நாட்டு வாழ்வுக்கு உரமாவன.

1917ஆம் ஆண்டில் இராமானுஜன் நோயுற்றார். ஊரிலிருந்து வரும் கடிதங்களும் குறைந்தன. காசநோய் என்று மருத்துவர் ஐயுற்றனர். மெண்டிப்பு மலைப்பகுதியில் இருந்த சானடோரியம் ஒன்றில் அவர் சேர்க்கப்பட்டார். அங்கு மருத்துவராக விளங்கியவர், கப்பலில் உடன் வந்த சவுரிமுத்துவே! காசநோயைப் போக்கும் மருந்து எதுவும் அந்நாளில் இல்லை. 'ஸ்ட்ரெப்டோமைசின்' 1943ஆம் ஆண்டிலேதான் கண்டுபிடிக்கப்பட்டது. தூய காற்று, ஓய்வு, சத்துணவு ஆகிய மூன்றுமே அன்றைய மருத்துவம். ஆதலின் நோயாளர் குளிர்காலத்திலும் சாளரங்களைத் திறந்து வைத்தே உறங்க வேண்டியிருந்தது. வெப்பநாட்டில் பிறந்த இராமானுஜனுக்கு அம்முறை பெருந்துன்பமாயிற்று. அவர் விரைவில் வேறொரு மருத்துவ நிலையத்திற்கு மாறினார்.

1918ஆம் ஆண்டில் அரசக் கழகத்தின் உறுப்பினர் என்னும் பெருமையும், டிரினிடிக் கல்லூரியின் உறுப்பினர் என்னும் பெருமையும் அவரை வந்தடைந்தன. நோயுற்றிருந்த அவரைக் காண வந்த ஹார்டி, தம் வாடகை வண்டியின் எண் 1729 என்றும், அது சுவையற்ற எண் என்றும் கூறினார். அவ்வாறன்று, இரு கனங்களின் கூட்டுத்தொகையாக இருவகையில் எழுதத்தக்க எண்களுள் மிகச் சிறியது அதுவே என்று இராமானுஜன் உடனே விடையிறுத்தார். படுக்கையிலும் அவருக்கு எண்கள் தோழமை தந்தன. 1919ஆம் ஆண்டு தாயகம் திரும்பிய அவர், 1920ஆம் ஆண்டு ஏப்பிரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் தம் 32ஆம் வயதில் காலமானார். அவருக்கு உற்றது காசநோயன்று, கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று யங் என்னும் மருத்துவர் 1994ஆம் ஆண்டில் ஆராய்ந்து எழுதினார்.

இங்கிலாந்தில் பல்லாண்டு பணியாற்றிய சவுரிமுத்துவும் தாயகம் மீண்டார். காட்டுவெளியும் குன்றும் சூழ்ந்திருந்த தாம்பரத்தில் பச்சைமலையை அடுத்து, ஏறத்தாழ 250 ஏக்கர் நிலப்பரப்பில் 1928ஆம் ஆண்டு சானடோரியத்தை நிறுவினார். தொடக்கத்தில் அதில் இருந்தவை 12 படுக்கைகளே. கடல் கடந்து கற்ற காற்றுமுறை மருத்துவம், குளிரின் கொடுமையின்றி இங்குத் தென்றலோடு கூடி நோயாளர்க்குப் பயன்பட்டது. 1937ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கம் அதனை ஏற்றுக்கொண்டது. இன்று அது பெரியதோர் அரசு மருத்துவமனையாக விளங்குகின்றது. இரயில் நிலையத்தின் பெயரும் அதனை ஒட்டியே வழங்குகின்றது.

மாணவர்களே! இந்நாளில் நொடிப்பொழுதில் தாயின் முகத்தைத் திரையில் கண்டு பேசலாம். புளிக்கும் பருப்புக்கும் ஏங்க வேண்டியதில்லை. ஆயினும், புது ஊரில் நோயுற்ற இரவில் தனித்திருப்பவன் படும் துன்பம் மாறிவிடவில்லை. நீங்கள் கற்றுத் தேர்ந்து அயல்நாடு செல்வீராயின், இரண்டினை மறவாதீர்கள். அறியாததைக் கேட்பதற்கு நாணாதீர்கள். நலமின்மையை வீட்டாரிடம் மறைக்காதீர்கள். உங்கள் ஊருக்குப் பிறர் வந்து தங்கினாலும் இதனையே நினைவிற்கொள்ளுங்கள். தாம்பரத்துக் கல்லூரிகளிலும் விடுதிகளிலும் வேற்றுமொழி பேசும் மாணவரும் தொழிலாளரும் பலர் உளர். அவர்களிடம் சென்று, உணவு ஒத்துக்கொள்கின்றதா, உறக்கம் வருகின்றதா என்று அன்போடு வினவுங்கள். மகலனோபிசு செய்தது அத்துணைச் சிறிய செயலே. ஆயினும் அன்றிரவு இராமானுஜன் குளிரின்றி உறங்கியிருப்பார்.