சிசு பவனில் ஐந்து மாதங்கள்

வெளிநாட்டில் ஒரு சிறுவர் இல்லத்தில் தொண்டராக இருந்தேன் என்று சொன்னால், எம் ஊர்ப் பெண்கள் முதலில் கேட்பது "எவ்வளவு சம்பளம்?" என்பதுதான். சம்பளம் இல்லை. தங்குமிடச் செலவும் சாப்பாட்டுச் செலவும்கூட எம்முடையவை. "அப்படியென்றால் ஏன் போனாய்?" என்பது அடுத்த கேள்வி. பிள்ளைகளை இல்லங்களில் விட்டிருக்கும் தாய்மாருக்கும், விடலாமா என்று யோசிக்கும் தாய்மாருக்கும் பயன்படலாம் என்பதால் அதற்கான பதிலை இங்கே எழுதுகிறேன்.

நான் மன்னார் மாவட்டத்துக் கிராமமொன்றில் பிறந்தவள். 1990 இடப்பெயர்வின்போது அப்பாவை இழந்தோம். மூன்று பிள்ளைகளுடன் தனித்து நின்ற அம்மா, என்னையும் தங்கையையும் அருட்சகோதரிகள் நடத்திய ஓர் இல்லத்தில் சேர்த்தார். ஆறு வருடங்கள் அங்கே வளர்ந்தோம். பிற்காலத்தில் நான் முன்பள்ளி ஆசிரியை ஆனேன். ஆனாலும் ஓர் ஆசை மனதில் இருந்துகொண்டே இருந்தது. பிள்ளையாக இருந்து பார்த்த இல்ல வாழ்க்கையை, பிள்ளையைத் தூக்கும் கைகளின் பக்கத்திலிருந்தும் பார்க்கவேண்டும். சின்னஞ்சிறியவர்களுக்குச் செய்வது இறைவனுக்கே செய்வது என்று மறைக்கல்வி வகுப்பில் படித்ததைச் செய்தும் பார்க்கவேண்டும்.

2013 ஜனவரியில், சேமித்த பணத்துடன் சென்னைக்குப் போய், அங்கிருந்து புகையிரதத்தில் ஒரு நாளுக்கும் மேலாகப் பயணம் செய்து கல்கத்தாவை அடைந்தேன்.

போர் கண்ட வீடு

அன்னை திரேசா 1950-இல் தமது சபையைத் தொடங்கினார். கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக 1955-இல் கல்கத்தாவில் நிர்மலா சிசு பவனைத் திறந்தார். 1971 பங்களாதேசப் போரில் ஒரு கோடியளவு மக்கள் இந்தியாவுக்குள் அகதிகளாக வந்தார்கள். போர் முடிந்ததும் அன்னையும் சகோதரிகளும் டாக்காவுக்குச் சென்று, படையினரால் சீரழிக்கப்பட்ட பெண்களுக்கும் அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளுக்கும் அடைக்கலம் கொடுத்தார்கள். அக்குழந்தைகளில் சிலர் 1972-இல் கனடாவிலுள்ள குடும்பங்களுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். போர் எந்த நாட்டில் நடந்தாலும், அதன் சுமை கடைசியில் ஒரு தாயின் மடியிலும் ஒரு குழந்தையின் தலையிலும்தான் இறங்குகிறது. அன்னை 1997-இல் மறைந்தார். 2016-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

ஒரு நாளின் வேலை

காலை ஆறு மணிக்குத் தாய் இல்லத்தில் திருப்பலி. அன்னையின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. ஏழு மணிக்குத் தொண்டர்களுக்குப் பாணும் வாழைப்பழமும் தேநீரும். யப்பான், ஸ்பெயின், கொரியா, இத்தாலி என்று பல நாட்டவர்கள் இருப்பார்கள். ஒரு செபத்துடன் அவரவர் தம் வேலைக்குப் பிரிந்துபோவோம். சிசு பவன் அதே வீதியில் நடக்கும் தூரம்தான்.

முதல் வேலை துணி துவைப்பது. குழந்தைகளின் ஈரத்துணிகளும் விரிப்புகளும் மலைபோல் குவிந்திருக்கும். கையால் துவைத்து, அலசி, முறுக்கிப் பிழிந்து, மொட்டை மாடிக்குச் சுமந்துபோய்க் காயப்போடவேண்டும். அதன் பிறகுதான் பிள்ளைகளிடம் போகலாம்.

நான் இருந்தது மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பகுதியில். பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூளை முடக்குவாதம். கால், கைகளை மெதுவாக நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுப்போம். அதன்பின் சாப்பாடு. அப்படிப்பட்ட பிள்ளைக்கு உணவூட்டுவது தனிக் கலை. படுக்கவைத்து ஊட்டக்கூடாது. நிமிர்த்தி இருத்தி, தலை பின்னால் சரியாமல், நாடி சற்றுக் கீழ்நோக்கி இருக்கும்படி பிடிக்கவேண்டும். அரைக் கரண்டி வைத்து, விழுங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த கரண்டி. அவசரப்பட்டால் உணவு சுவாசப்பைக்குள் போய்விடும். ஒரு பிள்ளைக்கு முக்கால் மணித்தியாலம் பிடிக்கும். வீட்டில் இப்படி ஒரு பிள்ளையை வைத்திருக்கும் சகோதரிகளுக்கு இது தெரிந்திருக்கும். தெரியாதவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

மாஷிமார்

இதையெல்லாம் எனக்குப் பழக்கியவர்கள் அங்கே வேலை செய்யும் வங்காளப் பெண்கள். அவர்களை "மாஷி" என்று அழைப்பார்கள். மாஷி என்றால் தாயின் சகோதரி. நாங்கள் சின்னம்மா, பெரியம்மா என்கிறோமே, அந்த உறவு! எனக்கு வங்காள மொழி தெரியாது. "எஷோ" என்றால் வா, "காவ்" என்றால் சாப்பிடு, "ஜோல்" என்றால் தண்ணீர் என்று ஒவ்வொரு சொல்லாக அவர்களிடமே கற்றேன்.

எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் சரிந்தால் நித்திரை கொள்ளும், எந்த அழுகை பசி, எந்த அழுகை வலி என்பது மாஷிக்குத் தெரியும். தொண்டர்களில் பலர் இரண்டு கிழமையில் போய்விடுவார்கள். மாஷி நாளையும் வருவார், அடுத்த வருடமும் வருவார். ஆகவே தொண்டரின் வேலை பிள்ளையின் அன்பைச் சம்பாதிப்பதல்ல, மாஷியின் சுமையைக் குறைப்பதுதான் என்று எண்ணிக்கொண்டேன். நான் ஒரு வாளி துணியைத் துவைத்தால், மாஷிக்கு ஒரு பிள்ளையை மடியில் வைத்திருக்க அரை மணித்தியாலம் கிடைக்கும்.

ஓடிவந்து கை தூக்கும் பிள்ளை

சிறுவர் இல்லம் எதற்குப் போனாலும், முன்பின் தெரியாதவரைக் கண்டதும் ஓடிவந்து கை தூக்கும் சின்னப் பிள்ளைகளைக் காணலாம். "எவ்வளவு பாசம்!" என்று வந்தவர் கண் கலங்குவார். ஆனால் தாயின் கைக்குள் வளரும் பிள்ளை அந்நியரைக் கண்டால் சேலைக்குள் ஒளியும். எல்லோரிடமும் கை தூக்கும் பிள்ளை, தனக்கென்று ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறது.

ருமேனியாவில் 1989 இறுதியில் ஆட்சி கவிழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அரச இல்லங்களில் இருந்தது வெளியே தெரியவந்தது. அந்நாட்டின் புக்கரெஸ்ட் நகரில் 2000-ஆம் ஆண்டளவில் ஓர் ஆய்வு தொடங்கியது. இல்லங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளில் பாதிப்பேரை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டார்கள். அப்படிப் போனவர்களின் அறிவு வளர்ச்சி, இல்லத்தில் தொடர்ந்து இருந்தவர்களைவிட மேம்பட்டது. இரண்டு வயதுக்கு முன் போனவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். சோறும் துணியும் கூரையும் மட்டும் ஒரு பிள்ளைக்குப் போதாது. ஒரே முகம் திரும்பத் திரும்ப வரவேண்டும்.

கிழமைதோறும் வந்த தாய்

வீட்டு வேலை செய்து பிழைத்த ஒரு தாய், எலும்பும் தோலுமாக இருந்த தன் மகனைத் தேற்றுவதற்காகக் கொண்டுவந்து விட்டிருந்தார். பார்க்க வரும் நாளில் பிள்ளை அவரிடம் போகாமல் மாஷியின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அந்தத் தாய் சுவரோரம் இருந்து சத்தமில்லாமல் அழுதார். மாஷி ஒன்றும் பேசாமல் கஞ்சிக் கிண்ணத்தைத் தாயின் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளையை மடியில் வைத்தபடி அவருக்குப் பக்கத்திலேயே அமர்ந்தார். தாய் ஊட்டினார். பிள்ளை சாப்பிட்டது. அடுத்த கிழமையும் அப்படியே. ஐந்தாவது கிழமை பிள்ளை தானாகவே தாயின் மடிக்கு நகர்ந்தது. பின்னர் அவர் மகனை வீட்டுக்கு அழைத்துப் போனார்.

என் அம்மாவும் மாதத்தில் முதல் ஞாயிறு தவறாமல் எங்களிடம் வந்தவர். பஸ் இல்லாத நாளில் நடந்தே வந்திருக்கிறார். எங்களை இல்லத்தில் விட்டதற்காக அவர்மேல் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. அவர் வந்துகொண்டே இருந்தார், அதுதான் காரணம்.

மே மாதம் நான் விடைபெற்றேன். அதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே, நான் ஊட்டிவந்த சிறுமியை மாஷி ஊட்டும்படி சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டோம். நான் வெளியேறியபோது அவள் மாஷியின் இடுப்பில் இருந்தாள். அழவில்லை.

எம் சகோதரிகளுக்கு

2009-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட வழிகாட்டி நெறிகள், வறுமையை மட்டுமே காரணமாக வைத்து ஒரு பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக்கூடாது என்கின்றன. ஆகவே பிள்ளையை விடுவதற்கு முன், வீட்டிலேயே வைத்து வளர்க்க என்ன உதவி உண்டு என்று கிராம அலுவலரிடமும் சிறுவர் நன்னடத்தை அலுவலகத்திலும் கேளுங்கள். கேட்பது எம் உரிமை, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வேறு வழியில்லாமல் விடவேண்டி வந்தால், பதிவு செய்யப்பட்ட இல்லமா என்று பாருங்கள். சகோதரங்களைப் பிரிக்கவேண்டாம் என்று வற்புறுத்துங்கள். பிறப்புச் சான்றிதழின் பிரதியையும் பிள்ளையின் படத்தையும் உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் படமொன்றைப் பிள்ளையிடம் கொடுங்கள். "நாளைக்கு வருவேன்" என்று பொய் சொல்லவேண்டாம். வரும் நாளைச் சொல்லி, அந்த நாளில் போங்கள். கையில் இனிப்பு வாங்கக் காசில்லை என்று போகாமல் இருக்கவேண்டாம். பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பது உங்கள் முகத்தைத்தான்.